‘விருப்பம் இருந்தால் கொடுக்கலாம்’: பள்ளிப் பிரியாவிடை விழாவின் விலையும் சட்டம் காணாத விலக்கலும்

பிப்ரவரி பிறந்துவிட்டால் சென்னையின் மேற்குப் புறநகரில், அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும், தனியார் பள்ளிகளின் பன்னிரண்டாம் வகுப்புகளில் ஒரு வசூல் தொடங்கிவிடுகிறது. பொதுத்தேர்வுக்கு முன் நடத்தப்படும் பிரியாவிடை விழாவுக்கான பணம் அது. மாணவர்கள் அதை ‘ஃபேர்வெல்’ என்றுதான் அழைக்கிறார்கள். பள்ளியின் கட்டணப் பட்டியலில் இந்தத் தொகை இடம்பெறுவதில்லை. செலுத்தியவருக்கு ரசீதும் கிடைப்பதில்லை. பெற்றோர் எவரேனும் நேரில் சென்று கேட்டால் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றே: ‘கட்டாயம் எதுவும் இல்லை, விருப்பம் இருந்தால் கொடுக்கலாம்.’ இந்த விடை சட்டத்தின் பார்வையிலிருந்து எதை மறைக்கிறது என்பதையே இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

முதலில் தொகையைப் பார்ப்போம். ஆவடிப் பகுதியில் ஒப்பந்த அடிப்படையில் தூய்மைப் பணி செய்யும் ஒரு தாய், வருங்கால வைப்புநிதி தொடர்பான சிக்கலுக்காக எங்களிடம் வந்திருந்தார். அவருடைய குறிப்பேட்டில் மகளின் பிரியாவிடை விழாச் செலவு தனிப் பக்கத்தில் எழுதப்பட்டிருந்தது. வகுப்புப் பங்குத்தொகை 1,200 ரூபாய். ஆசிரியர்களுக்கான பரிசுக்கு 300. அனைவரும் ஒரே நிறத்தில் உடுத்த வேண்டும் என்று முடிவானதால் வாங்கிய சேலை 1,800. ரவிக்கை தையற்கூலி 650. அழகு நிலையம் 800. கவரிங் நகையும் பூவும் 350. வேன் வாடகையின் பங்கும் புகைப்படமும் சேர்த்து 500. மொத்தம் 5,600 ரூபாய். மகளிர் குழுவில் வாங்கிய கடனிலிருந்து இதைச் செலவிட்டதாகச் சொன்னார்.

ஒரு குடும்பத்தின் கணக்கு எல்லோருடைய கணக்கும் ஆகிவிடாது. பள்ளி மைதானத்தில் சமோசாவும் கேக்கும் வைத்து எளிமையாக முடித்துக்கொள்ளும் பள்ளிகளும் இப்பகுதியில் உள்ளன. மண்டபம், ஒலி-ஒளி அமைப்பு, விருந்து என்று இதைப்போல் பல மடங்கு செலவழிக்கும் பள்ளிகளும் உள்ளன. எனினும் இந்தத் தொகையை இரண்டு எண்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பட்டியல் சாதி மாணவர்களுக்கான மெட்ரிக் பிந்தைய கல்வி உதவித்தொகைத் திட்டத்தில், ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சம் ரூபாய்க்கு மிகாத குடும்பத்திலிருந்து வரும் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் விடுதியில் தங்காமல் படித்தால் ஓராண்டு முழுமைக்கும் பெறும் கல்விப் படி 2,500 ரூபாய். குறிப்பேடு, பேனா, பேருந்து, இதரச் செலவு அனைத்துக்கும் அரசு போதுமெனக் கருதும் தொகையைப்போல் இரு மடங்குக்கும் மேல் ஒரே மாலைப்பொழுதில் செலவாகிறது. இரண்டாவது எண், சென்னை மாநகராட்சியின் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் 2025 ஆகஸ்டில் ரிப்பன் கட்டடத்தின் முன் நடத்திய போராட்டத்திலிருந்து வருகிறது. ஏறத்தாழ 23,000 ரூபாய் மாத ஊதியத்திலிருந்து 16,000 ரூபாய் அளவுக்குத் தாங்கள் தள்ளப்படுகிறோம் என்பது தனியார்மயத்துக்கு எதிராக அவர்கள் முன்வைத்த குற்றச்சாட்டு. அந்த ஊதியத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒரு மாலைக்கு ஒதுக்க எந்தக் குடும்பத்தால் இயலும்?

அப்படியிருந்தும் ஏன் செலவிடுகிறார்கள்? ‘வசதிக்கு மீறிய ஆசை’ என்று இதற்கு விளக்கம் சொல்வோர் நம் இயக்கங்களுக்குள்ளேயே உண்டு. அவர்கள் இப்பகுதியின் வரலாற்றைச் சற்றே நினைவுகூர வேண்டும். 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையும் படைத்துறை உடைத் தொழிற்சாலையும் எழுந்தன. நடுவண் அரசுத் தொழிற்சாலைகளின் இடஒதுக்கீட்டில் நிரந்தரப் பணி பெற்ற தலித் குடும்பங்கள், தங்கள் பிள்ளைகளை மெட்ரிகுலேஷன் பள்ளிக்கு அனுப்ப முடிந்த முதல் தலைமுறையாக உருவாயின. அடுத்த தலைமுறைக்குக் கிடைத்ததோ பெரும்பாலும் இடஒதுக்கீடு இல்லாத ஒப்பந்த வேலை. ஊதியம் சரிந்தது, பள்ளி மட்டும் மாறவில்லை. தாத்தாவின் நிரந்தரப் பணியில் தொடங்கிய கல்வி ஏணியிலிருந்து பேத்தியை இறக்கிவிட எந்தக் குடும்பமும் எளிதில் ஒப்புவதில்லை. அந்த வகுப்பறையில் ‘இவர்கள் நம்மைப் போன்றவர்கள் அல்லர்’ என்று பிறர் கண்டுகொள்ளக்கூடிய நாள், சீருடை களையப்படும் நாள்தான். அந்த ஒரு நாளில் பிள்ளை கண்டுகொள்ளப்படாமல் இருக்கவே குடும்பம் கடன் வாங்குகிறது.

இது நமக்கு மட்டும் உரிய நிலையன்று. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் இறுதியாண்டு மாணவர்களுக்கு ‘ப்ராம்’ என்னும் நடன விருந்து நடைபெறும். அதற்கான செலவு குறித்து விசா நிறுவனம் 2015-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில் சராசரிச் செலவு 919 டாலர். ஆண்டு வருமானம் 25,000 டாலருக்குக் குறைவான குடும்பங்கள் சராசரியாக 1,393 டாலரும், 50,000 டாலருக்கு மேல் ஈட்டும் குடும்பங்கள் 799 டாலரும் செலவிடுவதாக அதே கணக்கெடுப்பு கூறியது. ஏழ்மை வெளியே தெரியாதிருக்க ஏழைகள் கூடுதலாகச் செலவிட நேர்கிறது என்றே இதை நான் வாசிக்கிறேன்.

அந்நாட்டின் அனுபவத்தில் நமக்கு இதைவிட முக்கியமான பாடம் ஒன்று இருக்கிறது. மிசிசிப்பி மாநிலத்தின் சார்ல்ஸ்டன் என்னும் சிற்றூரில் பள்ளி 1970-இல் கறுப்பின, வெள்ளையின மாணவர்கள் சேர்ந்து படிக்கும் பள்ளியாயிற்று. ஆனால் இறுதியாண்டு விருந்து மட்டும் 2008 வரை இனவாரியாகத் தனித்தனியே நடந்தது. அப்பகுதியைச் சேர்ந்த நடிகர் மார்கன் ஃப்ரீமன், பொதுவான ஒரே விருந்தாக நடத்தினால் முழுச் செலவையும் தாமே ஏற்பதாக 1997-இல் முன்வந்தார், அது ஏற்கப்படவில்லை. 2008-இல் மீண்டும் முன்வந்தபோதுதான் முதல் பொது விருந்து நடந்தது. அப்போதும் வெள்ளையினப் பெற்றோர் சிலர் தனி விருந்தைக் கைவிடவில்லை. ஜார்ஜியா மாநிலத்தின் வில்காக்ஸ் மாவட்டத்தில் இவ்வாறான பொது விருந்தை மாணவிகளே முன்னின்று நிதி திரட்டி நடத்தியது 2013-இல்!

வகுப்பறையில் இனப் பிரிவினையைத் தடைசெய்த நாட்டில் விருந்தின் பிரிவினை எவ்வாறு இத்தனை ஆண்டுகள் நீடித்தது? விருந்தைப் பள்ளி நடத்தவில்லை, பெற்றோரே ‘தனிப்பட்ட முறையில்’ நடத்தினர் என்பதே விடை. அரசின் கை நீளும் இடம் பள்ளி. தனியார் விருந்தில் யாரை அழைப்பது என்பது அவரவர் விருப்பம். அங்கே ‘தனிப்பட்டது’ என்ற சொல் செய்த வேலையை இங்கே ‘விருப்பம்’ என்ற சொல் செய்கிறது. இனத்தின் பெயரால் அங்கே கதவு அடைக்கப்பட்டது. இங்கே கதவு திறந்துதான் இருக்கிறது, நுழைவுக்கு விலை வைக்கப்பட்டிருக்கிறது. இந்த வேறுபாட்டை மறுப்பதற்கில்லை. ஆனால் இரண்டு இடங்களிலும் பள்ளி நிர்வாகம் ‘எங்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை’ என்று சொல்லிவிட முடிகிறது.

இங்கே வசூல் நடக்கும் முறையைக் கவனித்தால் இது விளங்கும். வகுப்பாசிரியர் வாய்மொழியாக ஒப்புதல் தருகிறார். மாணவர் தலைவர் வாட்ஸ்அப் குழு ஒன்றைத் தொடங்குகிறார். பணம் செல்வது பள்ளியின் கணக்குக்கு அன்று. ஏதோ ஒரு மாணவரின் பெற்றோருடைய ஜிபே எண்ணுக்கு. பின்னர்க் குழுவில் பட்டியல் வருகிறது. கொடுத்தவர் பெயருக்கு நேரே பச்சைக் குறி இருக்கும். கொடுக்காதவர் பெயருக்கு நேரே எதுவும் இருக்காது. யாரும் யாரையும் திட்டுவதில்லை. நாள்தோறும் பட்டியல் புதுப்பிக்கப்பட்டு, வெற்றிடங்கள் குறைந்து, இறுதியில் நான்கைந்து பெயர்கள் எஞ்சுகின்றன. அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் விழா நாளன்று வயிற்றுவலி என்று வீட்டில் இருந்துவிடுகிறார்கள். அவர்களை எவரும் வாசலில் தடுக்கவில்லை. எனவே சட்டத்தின் மொழியில் அங்கு விலக்கல் எதுவும் நடக்கவில்லை. அந்த நான்கைந்து பெயர்களுக்கு உரியவர்கள் யார், எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று கணக்கெடுக்கும் பொறுப்பும் எவருக்கும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்திலிருந்து தொடங்குவோம். தொடக்கக் கல்வியைத் தொடர்வதையோ முடிப்பதையோ தடுக்கக்கூடிய எவ்விதக் கட்டணத்தையும் செலவையும் குழந்தையின் மீது சுமத்தக் கூடாது என்கிறது பிரிவு 3. பிரிவு 2(பி), பள்ளி அறிவித்த கட்டணத்துக்கு அப்பாற்பட்ட எவ்வகை நன்கொடையையும் பங்களிப்பையும் ‘தலைவரி’ என்றே வரையறுக்கிறது. பங்களிப்பு என்ற சொல்லே சட்டத்தில் இருப்பதால் பிரியாவிடை வசூலும் இதில் அடங்கும் என்று மாணவர் அமைப்புகளின் துண்டறிக்கைகளில் எழுதப்படுவதுண்டு. அவசரப்படக் கூடாது. தலைவரியைத் தடைசெய்யும் பிரிவு 13, குழந்தையைச் ‘சேர்க்கும்போது’ வசூலிப்பதைப் பற்றியே பேசுகிறது. சேர்ந்து பல ஆண்டுகளுக்குப் பின் நடக்கும் வசூலுக்கு அது நேரடியாகப் பொருந்தாது. அத்துடன் சட்டத்தின் காப்பு ஆறு முதல் பதினான்கு வயது வரை, எட்டாம் வகுப்பு வரை மட்டுமே.

இந்த எல்லை வெறும் தொழில்நுட்பச் செய்தி அன்று. பிரிவு 12(1)(சி)-இன் கீழ் 25 விழுக்காட்டு இடத்தில் 2013-14-இல் எல்.கே.ஜி.யில் சேர்ந்த ஒரு குழந்தை 2026-27-இல் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும். எட்டாம் வகுப்புவரை அக்குழந்தைக்கான கட்டணத்தைப் பள்ளிக்குத் திருப்பியளிக்க வேண்டியது அரசின் பொறுப்பு. இந்த இடங்களில் சேர்ந்த குழந்தைகளைப் பிறரிடமிருந்து பிரித்து வைக்கக் கூடாது, பாடநூல், சீருடை, நூலகம், விளையாட்டு, பாடத்துக்குப் புறம்பான செயல்பாடுகள் ஆகியவற்றில் பாகுபாடு காட்டக் கூடாது என்று நடுவண் அரசின் 2010 விதிகளும் கூறுகின்றன. ஒன்பதாம் வகுப்பில் இவை அனைத்தும் முடிந்துவிடுகின்றன. முழுக் கட்டணமும் குடும்பத்தின் தலையில் விழுகிறது. அதையும் தாங்கி நான்கு ஆண்டுகளைக் கடந்து வருபவரிடம்தான் விழாவுக்கான பங்குத்தொகை கேட்கப்படுகிறது.

எட்டாம் வகுப்புக்கு மேலும் செல்லுபடியாகும் சட்டம் நம் மாநிலத்தினுடையது: தமிழ்நாடு பள்ளிகள் (கட்டணம் வசூலித்தலை ஒழுங்குபடுத்துதல்) சட்டம், 2009. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதியின் தலைமையிலான குழு ஒவ்வொரு தனியார் பள்ளிக்கும் கட்டணத்தை நிர்ணயிக்கிறது. அதற்கு மேல் வசூலிப்பதைப் பிரிவு 3 தடைசெய்கிறது. மீறினால் மூன்று ஆண்டுகளுக்குக் குறையாத, ஏழு ஆண்டுகள் வரை நீளக்கூடிய சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. கூடுதலாகப் பெற்ற தொகையை மாணவருக்குத் திருப்பித் தரவும் வேண்டும். தண்டனை இத்தனை கடுமையாக இருப்பதே அதிகாரிகள் இச்சட்டத்தைத் தொடத் தயங்கும் காரணங்களுள் ஒன்று என்பது என் கணிப்பு.

இச்சட்டத்தின் கீழ் எழும் கேள்வி ஒன்றே: வசூலித்தது பள்ளியா, மாணவர்களா? பள்ளி தன்னை விடுவித்துக்கொள்வது இங்குதான். ஆகவே ஆதாரம் திரட்டுவோர் தொகையைவிடப் பள்ளியின் கைத்தடம் எங்கே இருக்கிறது என்பதில் கவனம் செலுத்த வேண்டும். வகுப்பாசிரியரின் குரல் பதிவு, அழைப்பிதழில் உள்ள பள்ளிச் சின்னம், விழாவுக்காக வகுப்புகள் இரத்து செய்யப்பட்ட அறிவிப்பு, மண்டபத்தைப் பள்ளியின் பெயரில் பதிவுசெய்த ரசீது, தலைமையாசிரியர் மேடையில் பரிசு பெறும் படம் ஆகியவற்றில் ஏதேனும் இரண்டு இருந்தால் ‘எங்களுக்குத் தொடர்பில்லை’ என்ற வாதம் வெகுவாக வலுவிழக்கும். வாட்ஸ்அப் பதிவுகளை அழிக்காமல், அவை வந்த கைப்பேசியிலேயே வைத்திருங்கள். கல்வி அலுவலருக்கு அனுப்பும் மனுவுக்கு அச்சுப்படி போதும். நீதிமன்றம் வரை செல்வதாயின் 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாக்ஷிய அதினியத்தின் பிரிவு 63 கோரும் சான்றிதழ் இல்லாமல் மின்னணுப் பதிவு ஏற்கப்படுவது கடினம். மனு யாருக்கு என்பதிலும் கவனம் வேண்டும். அம்பத்தூர் இன்று சென்னை மாவட்டத்தில் உள்ளது. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளன. பள்ளியின் அங்கீகார ஆணை எந்த முதன்மைக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்தது என்று பார்த்து அங்கேயே அனுப்புங்கள். தவறான அலுவலகத்துக்குப் போன மனு திரும்பி வருவதற்குள் தேர்வே முடிந்துவிடும்.

பணம் தராத பிள்ளையின் பெயரைக் குழுவில் காட்சிப்படுத்துவது தனிக் குற்றச்சாட்டாக எழுப்பப்பட வேண்டியது. கட்டண நிலுவையை மாற்றுச் சான்றிதழில் குறிப்பிடக் கூடாது, சான்றிதழைக் கட்டணம் வசூலிக்கும் கருவியாக்கக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு தீர்ப்பளித்தது. கட்டணத்துக்காகக் குழந்தையை அலைக்கழிப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 17 தடைசெய்யும் மனத் துன்புறுத்தலோடு அத்தீர்ப்பு இணைத்துப் பார்த்தது. பணப் பொறுப்பு நிர்வாகத்துக்கும் பெற்றோருக்கும் இடைப்பட்டது, குழந்தையை அதற்கு இடையே நிறுத்தக் கூடாது என்பதே அதன் சாரம். முறையான கட்டணத்துக்கே இந்நிலை என்றால், கணக்கில் வராத வசூலுக்காக ஒரு மாணவியின் பெயரை அறுபது பேர் பார்க்கும் பட்டியலில் வைப்பதை எப்படி ஏற்பது? மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தை அணுகவும் வழியுண்டு; அங்கு பதினெட்டு வயது நிரம்பாத எவரும் குழந்தையே. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் பெரும்பாலோர் இதில் அடங்குவர்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை இங்கே பயன்படுத்தலாமா என்று கல்லூரி மாணவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். பணம் தராததைச் சாக்கிட்டுச் சாதிப் பெயரைச் சொல்லிப் பொதுப் பார்வையில் இழிவுபடுத்தினால் பிரிவு 3(1)(ஆர்), 3(1)(எஸ்) ஆகியவை பொருந்தும். அப்போது தயக்கமே வேண்டியதில்லை. வெறும் வசூல் தகராறை அச்சட்டத்தின் கீழ் கொண்டுசெல்வது வழக்கையும் சட்டத்தையும் சேர்த்தே பலவீனப்படுத்தும்.

ஆயினும் அச்சட்டத்தில் 2015-இல் சேர்க்கப்பட்ட ஒரு சொற்றொடர் நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. பொது இடங்களில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் காலணி அணிவதையும் ‘புத்தாடை’ உடுத்துவதையும் தடுப்பதை பிரிவு 3(1)(இசட்.ஏ) குற்றமாக்குகிறது. புத்தாடைக்குக் குற்றவியல் சட்டத்தில் இடம் எதற்கு என்று வியப்போர் 1930 டிசம்பரில் இராமநாதபுரத்தில் ஆதிக்க சாதியினர் விதித்த எட்டுத் தடைகளைப் படிக்க வேண்டும். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்களின் ஆடை முழங்காலுக்குக் கீழோ இடுப்புக்கு மேலோ செல்லக் கூடாது என்றெல்லாம் அவை கட்டளையிட்டன. அடுத்த ஆண்டு தடைகள் பதினொன்றாகப் பெருகியபோது, பிள்ளைகள் எழுத்தறிவு பெறக் கூடாது என்பதும் சேர்ந்தது. ஜே.எச். ஹட்டனின் நூலில் இவை பதிவாகியுள்ளன. ஆடையும் கல்வியும் ஒரே பட்டியலில் தடைசெய்யப்பட்ட வரலாறு நம்முடையது.

இதனால்தான், பிரியாவிடை விழாவுக்கும் சீருடையிலேயே வரச் செய்தால் சிக்கல் தீர்ந்துவிடும் என்ற யோசனையை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. சீருடையின் சமத்துவ மதிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. பள்ளிகளில் சாதி வன்முறையைத் தடுப்பது குறித்து 2024 ஜூனில் அறிக்கை அளித்த நீதிபதி கே. சந்துரு குழு, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளையும் மோதிரங்களையும் நெற்றிக் குறிகளையும் பள்ளியில் தடைசெய்யப் பரிந்துரைத்தது. அது தேவையான பரிந்துரை. ஆனால் பட்டுடுத்தி நிற்க விரும்பும் சேரிப் பிள்ளையிடம் எளிமையைப் போதிப்பது வேறு. 1927 டிசம்பரில் மகாடில் அண்ணல் அம்பேத்கர் பெண்களிடம் பேசியபோது, தங்களை இழிவாக அடையாளப்படுத்தும் உடை முறையைக் கைவிட்டுப் பிற பெண்களைப் போலச் சேலை உடுத்துமாறு கேட்டுக்கொண்டார். அவர்கள் உடனே அதைச் செய்தும் காட்டினர். நன்றாக உடுத்துவது நமக்கு உரிமைக்கான போராட்டத்தின் பகுதி. ஆடையில் கை வைக்க வேண்டாம். மாற வேண்டியது நுழைவின் விலை.

அதாவது, விழா பள்ளியின் விழாவாக, பள்ளி வளாகத்தில், பள்ளியின் செலவில் நடக்க வேண்டும். குழு நிர்ணயித்த கட்டணத்தை முழுமையாகப் பெறும் பள்ளிக்கு ஆண்டில் ஒரு மாலை சிற்றுண்டி அளிப்பது தாங்க முடியாத சுமை ஆகாது. ஒரே நிறச் சேலை, ஒரே வகைச் சட்டை என்ற கட்டுப்பாட்டை விலக்கினால் வீட்டில் இருப்பதை, அக்காவின் சேலையை, உடுத்தி வர முடியும். ஆசிரியர் பரிசு என்னும் வழக்கத்தை முற்றிலும் நிறுத்தலாம். அகமதிப்பெண்ணும் செய்முறைத் தேர்வு மதிப்பெண்ணும் ஆசிரியர் கையில் இருக்கும் மாதத்தில் தரப்படும் பரிசை விருப்பப் பரிசு என்று எப்படி அழைப்பது? அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் இவற்றைப் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானமாகக் கொண்டுவரலாம். நலிந்த பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு விகிதாசார இடம் அளிக்கும் அக்குழு, உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்குச் சட்டப்படி கட்டாயம் இல்லை. அங்கே பெற்றோரின் கூட்டு மனுவே வழி.

அந்த மனுவைக் கொடுக்கும் காலம் மிக முக்கியம். பிப்ரவரியில் பட்டியல் தொடங்கிய பிறகு எந்தப் பெற்றோரும் கையொப்பமிட முன்வருவதில்லை. தேர்வு நுழைவுச்சீட்டு பள்ளியின் கையில் இருக்கிறது, பிள்ளைக்கு ஏதேனும் நேர்ந்துவிடுமோ என்ற அச்சம் எல்லோருக்கும் உண்டு. பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் வாரத்தில், இந்த ஆண்டின் விழாச் செலவு எந்தக் கணக்கிலிருந்து செய்யப்படும் என்ற ஒரே கேள்வியை எழுத்தில் கேட்டு, நகலை முதன்மைக் கல்வி அலுவலருக்கு அனுப்பிவிடலாம். கையொப்பம் இடுவோரில் பத்தாம், பதினொன்றாம் வகுப்புப் பெற்றோரும் இருந்தால், எந்தப் பிள்ளையின் வீட்டிலிருந்து கேள்வி எழுந்தது என்று பிரித்தறிவது நிர்வாகத்துக்கு எளிதாக இராது.